ஹெல்மண்டில் மாறிய காலிபர்: பிரிட்டிஷ் ஸ்னைப்பர் இணையின் ஆயுதத் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

2006ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படை ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துக்குள் நுழைந்தபோது, அதன் ஸ்னைப்பர்களில் (மறைந்திருந்து தொலைவிலுள்ள இலக்கைக் குறிவைத்துச் சுடுபவர்களில்) பெரும்பாலானோர் ஏந்தியிருந்தது 1980களில் அக்குரசி இன்டர்நேஷனல் நிறுவனம் வடிவமைத்த எல்96ஏ1 துப்பாக்கி. அது சுட்டது நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டாவான 7.62×51 மி.மீ.; முதல் எண் காலிபர், அதாவது குண்டின் விட்டம், அடுத்தது வெடிமருந்து அடைத்த உறையின் நீளம். வேலிகளும் தோப்புகளும் சிற்றூர்களும் பார்வையை அடிக்கடி மறைக்கும் மேற்கு ஐரோப்பிய நிலப்பரப்பில் ஒரு போர் மூண்டால் அறுநூறு, எண்ணூறு மீட்டருக்குள் ஒரு மனிதனை முதல் குண்டிலேயே வீழ்த்த வேண்டும் என்ற கணக்கில் பிறந்த துப்பாக்கி அது. அந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. மாறியது நிலம்.

ஹெல்மண்ட் ஆற்றையொட்டிய பசுமைப் பட்டையில் வாய்க்கால்களும் மண்சுவர்களும் ஆளுயரப் பயிர்களும் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே எதிரி ஐம்பது மீட்டரில் எதிர்ப்படலாம். பட்டையைத் தாண்டியதும் பாலைவெளியும் குன்றுகளும் தொடங்குகின்றன. அங்கே நிறுவப்பட்ட காவல் நிலை ஒன்றிலிருந்து பார்த்தால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஆள் நடமாடுவது தெரியும். ஒரே நாளில், சுடுபவரும் இலக்கைப் பார்த்துச் சொல்லும் துணைவருமான ஒரே ஸ்னைப்பர் இணை, இந்த இரண்டு போர்களையும் சந்திக்க வேண்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில் அந்தப் படை இருமுறை மாற்றம் செய்தது: 2008இல் 0.338 அங்குல லபுவா மேக்னம் தோட்டாவைச் சுடும் எல்115ஏ3 துப்பாக்கியைக் களமிறக்கியது, 2010இல், ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 7.62 மி.மீ. அரைத்தானியங்கித் துப்பாக்கியான எல்129ஏ1 களத்துக்கு வந்தது. முதல் மாற்றத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. இரண்டையும் ஒரே முடிவின் இரு பாதிகளாகப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு விளங்கும் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. ஸ்னைப்பருக்கு ஒரு காலிபரைத் தேர்ந்தெடுப்பவர், அந்தக் காலிபர் கைவிடும் வேலைகளை யார் எதைக் கொண்டு செய்வார் என்பதையும் அதே மேசையில் தீர்மானித்தாக வேண்டும்.

7.62 எங்கே தளர்கிறது

பத்துப் பதினோரு கிராம் எடையுள்ள 7.62 மி.மீ. குறிக்குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. கடல்மட்டக் காற்றில் 900 மீட்டர் முதல் 1,000 மீட்டர் தொலைவுக்குள் அதன் வேகம் ஒலிவேகத்தை நெருங்கிவிடுகிறது. அந்த இடைநிலையில் குண்டைச் சுற்றியுள்ள காற்றழுத்த அமைப்பு மாறுவதால், அதுவரை சீராகப் பறந்த குண்டு தடுமாறத் தொடங்குகிறது. குண்டு அதற்கு அப்பாலும் பறக்கும், ஆளைக் கொல்லவும் செய்யும். ஆனால் எங்கே போய் விழும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் உறுதி போய்விடுகிறது. ஸ்னைப்பருடைய தொழில் அந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. எல்96 துப்பாக்கியின் நம்பகமான எல்லையை எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் என்று வைத்ததற்கு இதுவே அடிப்படை.

ஹெல்மண்டில் எதிர்த்தரப்பு அந்த எல்லையின் விளிம்பிலிருந்தே பல முறை சுட்டது. 7.62×54 மி.மீ. தோட்டாவைச் சுடும் பிகேஎம் இயந்திரத் துப்பாக்கி எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டரிலிருந்து ஒரு ரோந்துப் படையைத் தரையோடு அழுத்திவைக்கப் போதுமானது. காலாட்படையின் 5.56 மி.மீ. துப்பாக்கிகளால் அந்தத் தொலைவில் பயனுள்ள பதிலடி தர முடியாது. முக்காலியில் ஏற்றிய 7.62 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி 1,800 மீட்டர் வரை எட்டும், ஆனால் அது ஒரு பரப்பை மூடும் ஆயுதம். சுவரின் துளைக்குப் பின்னால் இருக்கும் ஒருவனை மட்டும் குறிவைக்க அது உதவாது. எஞ்சியவை பீரங்கி, வான்தாக்குதல், ஜாவலின் ஏவுகணை ஆகியவை. பல பத்தாயிரம் பவுண்டு விலையுள்ள ஏவுகணையை ஒற்றை இயந்திரத் துப்பாக்கி நிலையின் மேல் ஏவுவது வீண்செலவு என்பது ஒருபுறம் இருக்க, மக்கள் குடியிருக்கும் சுற்றுச்சுவர் வீடுகளுக்கு நடுவே அப்படி ஒன்றை ஏவுவது எப்போதும் ஏற்கத்தக்க வழியாக இருக்கவும் முடியாது. எண்ணூறு மீட்டருக்கும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் இடைப்பட்ட இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் புதிய காலிபர் தேவைப்பட்டது.

0.338 ஏன்

0.338 லபுவா மேக்னம் திடீரென்று வந்த தோட்டா அல்ல. 1983இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று நீண்டதூர ஸ்னைப்பர் தோட்டாவுக்கான வேலையைத் தொடங்கியபோது, யானை வேட்டைக்குப் பயன்பட்ட 0.416 ரிக்பி என்ற பழைய தோட்டாவின் உறையை எடுத்துக்கொண்டு, அதன் கழுத்தை 8.6 மி.மீ. குண்டுக்கு ஏற்பக் குறுக்கிப் பார்த்தார்கள். புதிய அழுத்தத்தை அந்த உறையின் அடிப்பகுதி தாங்கவில்லை. பின்லாந்தின் லபுவா நிறுவனம் அந்த அடிப்பகுதியைத் தடிப்பாக்கி, உலோகத்தின் கடினத்தன்மையை இடத்துக்கு இடம் மாற்றியமைத்து, உறையை ஏறத்தாழ மறுபடியும் வடிவமைத்தது. 1989இல் அது பதிவுபெற்ற தோட்டாவாயிற்று. ஆயிரம் மீட்டரில் ஐந்து அடுக்கு ராணுவக் கவச உடையைத் துளைக்க வேண்டும் என்பது வடிவமைப்பின் தொடக்க இலக்குகளில் ஒன்று.

எல்115ஏ3 துப்பாக்கியில் 16.2 கிராம் குண்டு வினாடிக்கு 936 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 7,000 ஜூல், 7.62 தோட்டாவுடையதைப் போல இருமடங்கு. நீண்ட, கனமான, காற்றை எளிதில் கிழிக்கும் வடிவம் கொண்ட அந்தக் குண்டு கடல்மட்டத்திலேயே 1,400 மீட்டர் அளவில்தான் ஒலிவேகத்துக்கு இறங்கி வருகிறது. துப்பாக்கியின் எட்டும் எல்லையை பிரிட்டிஷ் அதிகாரிகள் 1,100 மீட்டருக்கு மேல் என்று அறிவித்தது இந்த நிலையோடு ஒப்பிட்டால் அடக்கமான கூற்றுதான். அந்த அடக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஏனென்றால் தொலைவில் ஸ்னைப்பரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் குண்டின் எட்டுதிறன் அல்ல, காற்று. இதைச் சற்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் குறுக்காக வீசும் காற்று, ஆயிரம் மீட்டரில் ஒரு 7.62 குண்டை ஏறத்தாழ இரண்டரை மீட்டரும், 0.338 குண்டை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலும் தள்ளிவிடும். ஸ்னைப்பர் அந்தத் தள்ளலைக் கணித்துத் திருத்திக்கொள்கிறார், ஆனால் அவருடைய கணிப்பில் வினாடிக்கு ஒரு மீட்டர் பிழை இருந்தால் 7.62 குண்டு அறுபது சென்டிமீட்டருக்கு மேலும் 0.338 குண்டு நாற்பது சென்டிமீட்டரும் விலகும். மனித மார்பின் அரை அகலம் ஏறத்தாழ இருபத்தைந்து சென்டிமீட்டர். ஆக, அந்த அளவு பிழைக்கு இரண்டு குண்டுகளுமே தவறும். பெரிய காலிபர் தருவது, பொறுத்துக்கொள்ளத்தக்க பிழையின் அளவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும் சலுகை. அது பெரிய சலுகைதான். ஆனால் காற்றைப் படிக்கத் தெரியாதவரை அது காப்பாற்றாது.

இந்தக் கணக்கை உணர்ந்தவர்கள்தான் பிரிட்டிஷ் திட்டத்தை வகுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனெனில் அவர்கள் துப்பாக்கியை மட்டும் வாங்கவில்லை. ஸ்னைப்பர் அமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில், 25 மடங்கு வரை பெருக்கும் ஷ்மிட் அண்ட் பெண்டர் ஸ்கோப், இரவுப் பார்வைக் கருவி, லேசர் தொலைவுமானி, இணையின் இரண்டாமவர் பார்ப்பதற்கான ஸ்பாட்டிங் ஸ்கோப், முக்காலி ஆகியவையும் ஒரே தொகுப்பாக வந்தன. குழல்வாயில் பொருத்தும் சைலன்சர், வெடிச்சத்தத்தை முற்றிலும் மறைக்காவிட்டாலும், தீப்பொறியையும் சத்தம் வரும் திசையையும் வெகுவாக மறைத்தது.

மற்ற வாய்ப்புகளை ஏன் விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 0.50 அங்குல, அதாவது 12.7×99 மி.மீ. தோட்டா, இயந்திரத் துப்பாக்கிக்காகப் பிறந்தது. அதைச் சுடும் துப்பாக்கி பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ வரை எடையுள்ளது. ஒரு தோட்டாவின் எடை 115 கிராம் அளவு, 0.338 தோட்டா 45 கிராம் அளவு, 7.62 தோட்டா 25 கிராம் அளவு. நூறு தோட்டாக்கள் என்று வைத்துக்கொண்டால் பதினொன்றரைக் கிலோவுக்கும் நான்கரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வேறுபாடு. கவச உடை, தண்ணீர், வானொலி, பேட்டரிகள் எல்லாவற்றையும் சுமந்து வெயிலில் நடக்கும் இருவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. வாகன எஞ்சின், ரேடார், வெடிக்காத குண்டு போன்ற பொருள் இலக்குகளுக்கு 0.50க்கு நிகர் இல்லை. தனி மனிதனைக் குறிவைத்து நாள்தோறும் நடந்து திரிபவருக்கு அது மிகையான சுமை.

0.300 வின்செஸ்டர் மேக்னம் இன்னொரு வழி. அமெரிக்கத் தரைப்படை அந்த வழியில்தான் சென்றது, காரணம் வேறு. 1988இல் அவர்கள் ஏற்ற எம்24 துப்பாக்கி 7.62 தோட்டாவைச் சுட்டாலும், அதன் போல்ட் (தோட்டாவைக் குழலில் ஏற்றி அடைக்கும் உருளை) அமைப்பை நீளமான தோட்டாவுக்கும் இடம் கொடுக்கும்படி அப்போதே அமைத்திருந்தார்கள். ஆகவே அதே துப்பாக்கிகளின் குழலை மாற்றி, தோளில் ஊன்றும் புதிய கட்டை பொருத்தி எம்2010 ஆக்க முடிந்தது. நம்பகமான தொலைவு 800 மீட்டரிலிருந்து 1,200 மீட்டராக உயர்ந்தது. எல்96 துப்பாக்கியின் குட்டையான அமைப்பில் அதற்கு வழி இல்லை. எப்படியும் புதிய துப்பாக்கிதான் வாங்க வேண்டும் என்றால், ஏற்கனவே குறைந்த எண்ணிக்கையில் பயன்படுத்திப் பழகிய எல்115ஏ1 துப்பாக்கியின் குடும்பத்தையே விரிவுபடுத்துவது இயல்பான முடிவு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வடிவமைப்பாளர் விட்டுவைத்த சில சென்டிமீட்டர் இடம் இரண்டு படைகளை இரண்டு காலிபர்களுக்கு இட்டுச் சென்றது என்றால் மிகையாகாது.

சாதனைகளை அளவுகோலாகக் கொள்ளலாமா

2009 நவம்பரில் ஹெல்மண்டின் மூசா காலா அருகே கிரெய்க் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் வீரர் எல்115ஏ3 கொண்டு 2,475 மீட்டரில் இலக்கை வீழ்த்தினார். அதற்கு முன்பிருந்த சாதனை, 2002 மார்ச்சில் கிழக்கு ஆப்கானிஸ்தானின் ஷாஹி கோட் பள்ளத்தாக்கில் கனடா வீரர் ராப் ஃபர்லாங் 0.50 தோட்டாவைச் சுடும் மெக்மில்லன் டாக்-50 கொண்டு நிகழ்த்திய 2,430 மீட்டர். சிறிய தோட்டா பெரிய தோட்டாவை வென்றதாக இது உடனே படிக்கப்பட்டது; 0.338க்கு ஆதரவாக இதைவிட அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி வேறில்லை.

அந்தத் திறமையின் மீது எனக்கு முழு மதிப்பு உண்டு. ஆயினும் ஆயுதத் தேர்வுக்கு இதை அளவுகோலாக்குவது தவறான பாதை. ஹாரிசன் சுட்டபோது காற்று ஏறத்தாழ இல்லை, வானிலை மிதமானது, பார்வை தெளிவு. மூசா காலா கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தொலைவைச் சரிபார்க்க அவர் முதலில் பல குண்டுகளைச் சுட வேண்டியிருந்தது. குண்டு பறந்த நேரம் ஐந்து வினாடிக்கு மேல். அந்த நேரத்தில் இலக்கு இரண்டடி நகர்ந்திருந்தால் எந்தக் காலிபரும் உதவியிருக்காது. ஷாஹி கோட் அதைவிட மிக உயரமான இடம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு என்பதால், எந்தக் குண்டும் வேகத்தை மெல்ல இழக்கிறது. 1967இல் வியட்நாமில் கார்லோஸ் ஹாத்காக் 2,286 மீட்டரில் அடித்தது ஸ்கோப் பொருத்திய பிரௌனிங் எம்2 இயந்திரத் துப்பாக்கியால்; அதைக் காரணம் காட்டி எந்தப் படையும் தன் ஸ்னைப்பர்களின் தோளில் எம்2வை ஏற்றவில்லை.

தேர்வுக்கு உகந்த கேள்வி வேறு: தெரியாத காற்றில், சரியாகத் தெரியாத தொலைவில், களைத்த உடலோடு இருக்கும் ஒரு சராசரி ஸ்னைப்பரின் முதல் குண்டு இலக்கைத் தொடும் வாய்ப்பு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு 0.338 தரும் பதில் 900 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடையே மிக வலுவானது. எல்115ஏ3 தன் விலையை மீட்டது அந்த இடைவெளியில்தான், சாதனைத் தொலைவில் அல்ல.

இரண்டாமவரின் ஆயுதம்

இனி, இந்த நிகழ்வில் குறைவாகப் பேசப்பட்ட பாதி. எல்115ஏ3 துப்பாக்கி 6.8 கிலோ எடையும் 1.3 மீட்டர் நீளமும் உடையது. மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) ஐந்து தோட்டா. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டும். பசுமைப் பட்டையின் மண்சுவருக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்கு மறுகரையில் எதிரி எதிர்ப்பட்டால் இந்தத் துப்பாக்கி அதை வைத்திருப்பவருக்கே ஆபத்து. பழைய 7.62 துப்பாக்கியும் போல்ட் துப்பாக்கிதான், ஆனால் குட்டையானது, இலகுவானது. தொலைவை வென்ற தேர்வு அருகாமையை மேலும் இழந்தது. அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் இணையின் இரண்டாமவர்.

அவர் பல காலமாக வழக்கமான 5.56 மி.மீ. துப்பாக்கியையே வைத்திருந்தார். முந்நூறு மீட்டர் வரை இணையைக் காப்பாற்ற அது போதும்; கைக்குண்டு ஏவியை அதன் கீழ் பொருத்தினால், மறைவிடம் தெரிந்துவிட்ட வேளையில் பின்வாங்க நல்ல துணை. ஆனால் முந்நூறு மீட்டருக்கும் எண்ணூறு மீட்டருக்கும் இடையே, விரைவாக அடுத்தடுத்துத் தோன்றும் பல இலக்குகளை எதிர்கொள்ள இணையிடம் பொருத்தமான எதுவும் இல்லை. ஒன்று மிக மெதுவானது, மற்றது மிகக் குட்டைக் கையுடையது.

எல்எம்டி நிறுவனம் தயாரித்த எல்129ஏ1 துப்பாக்கியை அவசரத் தேவைக் கொள்முதலாக வாங்கியபோது நோக்கம் ஸ்னைப்பர் இணை அல்ல. காலாட்படைக் குழுக்களில் இருந்த தேர்ந்த குறியாளர்களுக்கு எண்ணூறு மீட்டர் வரை எட்டும் 7.62 அரைத்தானியங்கித் துப்பாக்கி வேண்டும் என்பதே. ஆறு மடங்கு பெருக்கும் ஸ்கோப்போடு அது குழுக்களுக்குச் சென்றது. பின்னர் 3 முதல் 12 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்பும் சைலன்சரும் பொருத்திய வடிவம் ஸ்னைப்பரின் துணை ஆயுதமாக இணையின் இரண்டாமவர் கையில் வந்து சேர்ந்தது. தொலைவுக்கான துப்பாக்கியை வாங்கும்போதே அதற்கான துணையையும் வாங்கியிருக்க வேண்டும் என்பது இந்த வரிசையைப் பார்த்தால் புரிகிறது. முதல் ஆயுதத்தின் குறையை இரண்டாவது ஆயுதம் நிரப்புவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்த இணைப்பின் தரம் காலிபரைவிடச் சிறியதாகத் தோன்றும் மூன்று விவரங்களில் தங்கியிருக்கிறது. இரண்டு ஸ்கோப்புகளும் ஒரே கோண அலகில், பெரும்பாலும் மில்லிரேடியனில், அளவிட வேண்டும். இரண்டாமவர் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து ஒரு திருத்தத்தைச் சொன்னால் முதலாமவர் அதை மனக்கணக்குப் போட்டு மாற்றாமல் அப்படியே ஏற்க முடிய வேண்டும். அடுத்தது சைலன்சர். முதலாமவரின் துப்பாக்கியில் மட்டும் அது இருந்து, துணையாகச் சுடுபவரின் துப்பாக்கியில் இல்லையென்றால், அவர் சுடும் முதல் குண்டே இருவருடைய மறைவிடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் முதல் சைலன்சருக்குச் செலவிட்ட பணம் வீண். மூன்றாவது தோட்டா வழங்கல். 0.338 தோட்டா ஸ்னைப்பரைத் தவிர வேறு யாரிடமும் இல்லை, அது தீர்ந்தால் களத்தில் கடன் வாங்க ஆள் இல்லை. 7.62 தோட்டாவோ இயந்திரத் துப்பாக்கியின் பெல்ட்டிலேயே இருக்கிறது. பெல்ட் தோட்டாவின் துல்லியம் குறிசுடும் தோட்டாவுக்கு ஈடாகாது என்றாலும், நெருக்கடியில் பெல்ட்டிலிருந்து பிரித்தெடுத்து மேகசினை நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாமவரின் ஆயுதம் படையின் பொதுத் தோட்டாவிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கத் தரைப்படை 2008 வாக்கில் களமிறக்கிய எம்110 துப்பாக்கியும் இதே இடத்தை நிரப்பியது. அதன் நீளமும் எடையும் சைலன்சர் பொருத்திய நிலையில் வாகனங்களிலும் கட்டடங்களிலும் இடைஞ்சலானதால், 2016இல் அதைவிடக் கச்சிதமான ஒன்றுக்கு ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. துணை ஆயுதம் துல்லியத்தில் முதன்மை ஆயுதத்தோடு போட்டியிட வேண்டியதில்லை, அது முதன்மை ஆயுதம் நுழைய முடியாத இடத்தில் நுழைய வேண்டும்.

பெரிய காலிபரின் கணக்கில் வராத செலவு

களத்தில் கிடைத்த நன்மைக்கு ஈடாகப் பயிற்சியில் ஒரு விலை இருந்தது. 0.338 தோட்டாவின் அழுத்தமும் வெப்பமும் குழலை விரைவில் அரிக்கின்றன. நல்ல 7.62 குழல் ஐயாயிரம் குண்டுகளுக்கு மேலும் துல்லியத்தைக் காக்கும் என்றால், மேக்னம் குழல் அதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. தோட்டாவின் விலை பல மடங்கு. குண்டு தொலைவாகப் பாய்வதால் சுடுகளத்தின் ஆபத்துப் பரப்பு விரிகிறது, 7.62க்கு அனுமதி பெற்ற பல சுடுகளங்களில் அதைச் சுட முடியாது. இவை எல்லாம் சேர்ந்து ஸ்னைப்பர் தன் முதன்மைத் துப்பாக்கியில் சுடும் குண்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. மேலே சொன்ன காற்றுக் கணக்கை நினைவில் வைத்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்: காலிபர் தந்த ஒன்றரை மடங்குச் சலுகையை, குறைந்த பயிற்சி சத்தமில்லாமல் திரும்பப் பறித்துக்கொள்ளக் கூடும்.

இதற்கு அமெரிக்கப் படைகள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. பேரட் நிறுவனத்தின் எம்கே22 துப்பாக்கியில் குழலையும் போல்ட்டின் முகப்பையும் மாற்றி, 7.62, 0.300 நோர்மா மேக்னம், 0.338 நோர்மா மேக்னம் ஆகிய மூன்றையும் சுடலாம். 7.62 குழல் முக்கியமாகப் பயிற்சிக்கானது. அதே கட்டை, அதே விசை, அதே ஸ்கோப். மலிவான தோட்டா, பழைய சுடுகளம். 0.338 நோர்மாவின் உறை லபுவாவுடையதைவிடக் குட்டையாக இருப்பதால், மேகசினின் நீளத்தை மீறாமல் மேலும் நீண்ட குண்டைப் பொருத்த முடிகிறது. காற்றை எதிர்க்கும் திறன் அந்த நீளத்திலிருந்தே வருகிறது. அமெரிக்கத் தரைப்படை இந்த ஒரே துப்பாக்கியைக் கொண்டு எம்2010, 0.50 எம்107 ஆகிய இரண்டையும் பதிலீடு செய்ய முடிவெடுத்தது. எம்2010 குறித்த முடிவு எனக்கு ஏற்புடையது. எம்107 குறித்து அவ்வளவு எளிதில் ஒப்ப முடியவில்லை, ஏனெனில் எஞ்சின் ஒன்றையோ சுவரின் பின்னால் இருக்கும் கருவி ஒன்றையோ உடைக்கும் வேலையில், வெடிப்பும் தீமூட்டலும் சேர்ந்த 0.50 குண்டு செய்வதை 0.338 குண்டால் செய்ய இயலாது. அந்த வேலை ஸ்னைப்பரிடமிருந்து நீங்கி ஏவுகணைக்கோ ட்ரோனுக்கோ போகிறது என்றால், அதை ஏற்கும் குழு எது என்பதையும் அதே ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும்.

துணை ஆயுதத்திலும் காலிபர் கேள்வி மீண்டும் திறந்திருக்கிறது. 2018இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் தன் அரைத்தானியங்கி ஸ்னைப்பர் துப்பாக்கிகளுக்கு 6.5 கிரீட்மோர் தோட்டாவைத் தேர்ந்தது. 7.62ஓடு ஒப்பிட்ட சோதனையில் ஆயிரம் மீட்டரில் இலக்கைத் தொடும் வாய்ப்பு இருமடங்கானதாகவும் காற்றில் விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகவும் அது தெரிவித்தது. தோட்டாவின் நீளம் 7.62ஐ ஒத்திருப்பதால் துப்பாக்கியின் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை, குழலை மாற்றினால் போதும்; பின்னுதைப்பும் குறைவு என்பதால் சுடுபவர் தன் குண்டு விழும் இடத்தைத் தானே ஸ்கோப்பில் காண முடிகிறது. தனக்கென்று வழங்கல் பாதை வைத்திருக்கும் சிறு சிறப்புப் படைக்கு இது தயக்கமின்றி எடுக்கத்தக்க தேர்வு. ஹெல்மண்டில் இருந்ததைப் போன்ற காலாட்படைப் பட்டாலியனின் ஸ்னைப்பர் இணைக்கு, இரண்டாமவரின் கையிலிருக்கும் மேகசினை இயந்திரத் துப்பாக்கியின் பெல்ட்டிலிருந்து நிரப்ப முடியும் வரை, நான் 7.62ஐயே வைத்திருப்பேன்.